ராணி இருக்கிறாள், குழாயை ஆட்டாதீர்கள்!

2025 ஏப்ரல். கென்யாவின் நக்குரு மாவட்டத்தில் ஒரு விருந்தினர் விடுதிக்குள் வனவிலங்குத் துறையினர் நுழைந்தார்கள். தந்தமோ காண்டாமிருகக் கொம்போ அங்கே இல்லை. இருந்தவை 2,244 சோதனைக் குழாய்கள்தான். பஞ்சு அடைத்த அந்தக் குழாய்களுக்குள் இருந்தவை எறும்புகள். அதுவும் ராணி எறும்புகள், ஏறக்குறைய 5,000. பிடிபட்டவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், வயது 19. இதேபோல எறும்பு வைத்திருந்ததாக வியட்நாம்காரர் ஒருவரும் கென்யர் ஒருவரும் இன்னொரு வழக்கில் சிக்கினார்கள். மே 7-ஆம் தேதி நைரோபி விமான நிலைய நீதிமன்றம் நால்வருக்கும் தலா பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. கட்டாவிட்டால் 12 மாதம் சிறை.

எறும்புக்காகவா இத்தனை அமர்க்களம்? அந்தக் குழாய்களில் இருந்தவற்றில் பெரும்பாலானவை மெஸ்ஸார் செஃபலோட்டஸ் என்ற சிவந்த, பருத்த ஆப்பிரிக்க இனம். புல் விதைகளைச் சேகரித்துக் களஞ்சியம் வைக்கும் எறும்பு. அதன் ராணி ஒன்று பிரிட்டனில் அப்போது 170 பவுண்டு வரை விலை போனது. நம் கணக்கில் கிட்டத்தட்ட இருபதாயிரம் ரூபாய். வாங்குகிறவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. மீன் தொட்டி வைப்பதைப் போல எறும்புக் கூடு வைத்து வளர்க்கிற சாதாரண வீட்டுக்காரர்கள். ஐரோப்பா, அமெரிக்கா, சீனா, தென்கிழக்கு ஆசியா என்று இந்தப் பொழுதுபோக்கு பரவியிருக்கிறது. இந்தியாவிலும் கல்லூரி மாணவர்கள் மேசை இழுப்பறையில் குழாய் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

காத்திருப்பதுதான் இதில் முக்கால் பங்கு வேலை. பொழுதுபோக்கு என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். முதல் ஒன்றரை மாதம் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததைச் செய்யத் தெரியாமல்தான் பாதிக் காலனிகள் சாகின்றன.

ஒரு மாலை, ஒரே பறப்பு

வேலைக்கார எறும்பைப் பிடித்துக் கண்ணாடிக்குள் போட்டால் சில மாதம் ஓடும், பிறகு தீர்ந்துவிடும். அமெரிக்காவில் 1956-இல் மில்டன் லெவின் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்த ‘எறும்புப் பண்ணை’ பொம்மை அப்படிப்பட்டது. கோடிக்கணக்கில் விற்றது; ராணி மட்டும் கிடையாது. அந்த நாட்டில் ராணியை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்ப மத்திய வேளாண் துறையின் அனுமதி வேண்டும். ஆகவே குழந்தைகள் பார்த்ததெல்லாம் வாரிசில்லாத ஒரு கூட்டம் ஒவ்வொன்றாகக் குறைந்துபோவதை. என்னைக் கேட்டால் அது எறும்பு வளர்ப்பே இல்லை.

ராணி இருந்தால் கதை வேறு. லார்ட் ஏவ்பரி என்று பிற்பாடு பெயர் பெற்ற ஜான் லப்பக், லண்டன் வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர். பிரிட்டனில் 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண் பரப்பி எறும்பு வளர்த்தார். தப்பாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர் அகழி. தீபாவளிப் பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் நம் வீட்டு உபாயம்தான். 1874-இல் அவரிடம் வந்த ஒரு ராணி 1888-இல்தான் இறந்தது. அதற்குப் பிறகு, தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் லாசியஸ் நைகர் என்ற ஐரோப்பியக் கறுப்பெறும்பின் ராணி ஒன்று வளர்ப்பில் 28 வருடம் 9 மாதம் வாழ்ந்ததை சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் குட்டர் உள்ளிட்டோர் 1969-இல் பதிவு செய்தார்கள். பெரும்பாலான நாயும் பூனையும் அந்த வயதைப் பார்ப்பதில்லை.

அந்த நெடிய வாழ்வு ஒரே ஒரு பறப்பில் தொடங்குகிறது. வளர்ந்த காலனி ஒன்று வருடத்தில் சில நாட்கள் மட்டும் இறகு முளைத்த பெண்களையும் ஆண்களையும் வெளியே அனுப்பும். பிரிட்டனில் ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் இது நடக்கும். நம் பக்கம் கோடை மழை ஓய்ந்த மாலைகளும் பருவமழைத் தொடக்கமும். காற்று அடங்கியிருக்க வேண்டும், மண் நனைந்திருக்க வேண்டும், ஈரப்பதம் ஏறியிருக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் புற்றுகள் எல்லாம் ஒரே வேளையில் திறப்பதால்தான் வேற்றுக் காலனி ஆணும் பெண்ணும் சந்திக்க முடிகிறது. கலவி முடிந்த ஆண் விரைவில் செத்துவிடும். பெண் தரையிறங்கி, கால்களால் நெம்பித் தன் இறகுகளைத் தானே உடைத்து உதறும். அன்று வாங்கிய விந்தணுவை வயிற்றில் ஒரு பையில் வைத்து ஆயுள் முழுக்கச் செலவழிக்கும். மறுபடி கலவி கிடையாது. கருவுற்ற முட்டை பெண்ணாகும்; கருவுறாத முட்டை ஆணாகும்.

அடுத்த கட்டம்தான் இந்தக் கதையின் உயிர். ராணி மண்ணில் ஒரு சின்ன அறை குடைந்து, வாசலை அடைத்துக்கொண்டு உட்காருவாள். உணவு இல்லை. வெளியே வருவதில்லை. முட்டை இடுவாள், புழு பொரியும், புழுவுக்குத் தன் வாயிலிருந்து ஊட்டுவாள். அந்த ஊட்டம் எங்கிருந்து வருகிறது? அடிவயிற்றுக் கொழுப்பு ஒரு பங்கு. இன்னொரு பங்கு, இனி தேவைப்படாத பறப்புத் தசை. இறகை உதிர்த்த ராணியின் மார்புக்குள் அந்தத் தசைகள் கரைந்துபோவதைக் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்கூறு வரைபடங்களுடன் விளக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த சார்ல் ஜானே. தொழிலால் பொறியாளர், ஜிப்சத்தில் எறும்புக் கூடு வார்த்துப் பார்த்தவர், பிற்காலத்தில் வேதியியல் தனிம அட்டவணையை வேறொரு வடிவில் மாற்றி எழுதியவரும் இவரே. மனிதருக்கு ஓய்வே இருந்திருக்காது போலிருக்கிறது.

உடம்பில் இருப்பு குறைவு என்பதால் முதல் ஈட்டுப் பிள்ளைகள் குட்டையாகப் பிறப்பார்கள். எண்ணிக்கையும் ஒரு கைப்பிடிக்குள்தான். கூச்ச சுபாவம் வேறு. ஆனால் அவர்கள் வெளியே போய் முதல் இரையைக் கொண்டுவந்த பிறகு ராணிக்கு இரை தேடும் கவலை இல்லை. முட்டை இடுவது ஒன்றே வேலை. இயற்கையில் இந்தக் கட்டத்தை எட்டுகிற ராணிகள் மிகச் சொற்பம். பல்லி, தவளை, காகம், மைனா, சிலந்தி, போதாக்குறைக்கு அடுத்த காலனி எறும்புகள் என்று எல்லாருக்கும் அன்று விருந்து.

வாசல் விளக்கின் கீழ்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசல் எறும்பு இல்லை, அது கறையான். ஈசலுக்கு நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று கிடையாது, உணர்கொம்பு மணி கோத்ததுபோல நேராக இருக்கும். இறகெறும்புக்கு முன்னிறகு நீளம், பின்னிறகு குட்டை, இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடங்கும். ஈசலைப் பிடித்துக் குழாயில் போட்டு எத்தனை மாதம் காத்திருந்தாலும் எறும்பு பிறக்காது.

இறகெறும்பிலும் ஆணைத் தள்ள வேண்டும். ஆண் ஒல்லி, தலை சின்னது, பார்க்கக் குளவிபோல் இருக்கும். ராணியின் மார்பு முதுகுப்பக்கம் புடைத்திருக்கும். அங்கேதான் பறப்புத் தசை இருந்தது. அடிவயிறு பெரிது. இறகு உதிர்ந்திருந்தால் மார்பின் பக்கவாட்டில் அதன் தழும்பு தெரியும். நம்மூர்க் கட்டெறும்பில் பலர் ஏமாறுகிறார்கள். அதன் பெரிய வேலைக்காரிக்குத் தலை பிரமாண்டமாக இருப்பதால் அதையே ராணி என்று நினைத்துக்கொள்வார்கள். தலையைப் பார்க்காதீர்கள், மார்பைப் பாருங்கள்.

இறகை உதிர்த்துவிட்டுச் சுவரோரமாக அவசரமாக அலைகிற ராணிதான் நமக்குத் தேவை. இறகோடு இருப்பவள் கலவி முடித்தவளாகவும் இருக்கலாம், முடிக்காதவளாகவும் இருக்கலாம். புற்றைத் தோண்டி ராணியை எடுக்கவே கூடாது. ஒரே ராணியை நம்பி ஆயிரக்கணக்கான எறும்புகள் வாழும் புற்றில் அவளை எடுத்தால் அந்தப் புற்று முடிந்தது. அவளும் புதிய இடத்தில் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

தொடங்குகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது கட்டெறும்பைத்தான். உருவம் பெரிது, அடைத்துக்கொண்டு தானே பிள்ளை வளர்க்கும் இனம், நம் வெப்பத்துக்குப் பழகியது. நெருப்பெறும்பு வேண்டாம், கொட்டும், ஊசித் துவாரத்திலும் நுழைந்து தப்பும். முசுறு அழகுதான், அதன் ராணி பச்சை நிறத்தில் மின்னும். ஆனால் இலை தைத்து வாழும் மர எறும்பை மேசைமேல் வைத்துக்கொள்வது எளிதல்ல.

தேவையான சாமான் வெகு சொற்பம். ஒரு சோதனைக் குழாய், கொஞ்சம் பஞ்சு, தண்ணீர். குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிப் பஞ்சை இறுக்கமாக உள்ளே தள்ள வேண்டும். பஞ்சு நனைய வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. பஞ்சுக்கும் தண்ணீருக்கும் இடையே காற்றுக்குமிழி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் அந்தக் காற்று விரிந்து தண்ணீரை முன்னால் தள்ளும். ராணியும் முட்டையும் மூழ்கும். பிறகு ராணியை உள்ளே விட்டு, வாயை உலர்ந்த பஞ்சால் அடைத்தால் மண்ணறை தயார். காற்று பஞ்சு வழியாகப் போய்வரும்.

குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். இருட்டோடு அசைவின்மையும் வேண்டும். ஃபிரிட்ஜின் தலையில் வைத்தால் அதன் நடுக்கம், சமையல் மேடையில் வைத்தால் மிக்ஸி, கதவுப் பக்கம் வைத்தால் அது சாத்தும் அதிர்ச்சி. அதிர்வை எறும்பு கால் வழியாகவே உணரும். ஆபத்து என்று தோன்றினால் ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவாள். கொடூரம் இல்லை அது; வளர்க்க முடியாத பிள்ளையில் முடங்கிய ஊட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த இழப்பை இரண்டு மூன்று முறை தாங்குகிற இருப்பு அவள் உடம்பில் கிடையாது. ஒரு நாளைக்கு நாலு தடவை டார்ச் அடித்துப் பார்க்கிறவர்களின் காலனி ஏன் வளரவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை, சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் போதும். சிவப்பு நிறம் எறும்புக் கண்ணுக்கு எடுபடாது.

சாப்பாடு? அடைத்துக்கொள்ளும் இனத்துக்கு முதல் வேலைக்காரி பிறக்கும்வரை எதுவும் வேண்டாம். தேன் துளி வைக்கிறேன் என்று பஞ்சை நீக்குவதே தொந்தரவு. மிஞ்சிய தேனில் பூஞ்சை வேறு பிடிக்கும். எல்லா எறும்பும் இப்படி அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் தாவும் எறும்பான ஹார்பெக்நாத்தோஸ் சால்டேட்டர் போன்ற வேட்டைக்கார இனங்களில், ராணியே வெளியே போய் இரை பிடித்து முதல் பிள்ளைகளை வளர்க்கும். அவளைப் பட்டினி போட்டால் செத்துவிடுவாள். பிடித்தது என்ன இனம் என்று தெரியாமல் குழாயை மூடிவைப்பது அதனால்தான் சூதாட்டம்.

அந்தத் தாவும் எறும்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ராணி செத்தால் வேலைக்காரிகள் உணர்கொம்பால் அடித்து வாரக்கணக்கில் போட்டி போடுவார்கள். வென்றவர்கள் முட்டையிடும் அந்தஸ்துக்கு உயர்வார்கள். உயர்ந்ததும் அவர்கள் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். மறுபடி வேலைக்காரியாக இறக்கினால் மூளை பழைய அளவுக்கே வளர்ந்துவிடுகிறது என்பதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. பதவி வந்ததும் மூளை சுருங்குவது குறித்து வாசகர்கள் தங்கள் விருப்பப்படி நினைத்துக்கொள்ளலாம். டயகம்மா என்ற இன்னொரு இந்திய எறும்பில் ராணி என்ற பிறவியே கிடையாது. கலவி முடித்த வேலைக்காரி ஒருத்தியே முட்டையிடுகிறாள்.

நாலு ராணி கிடைத்தால் ஒரே குழாயில் போடலாமா என்று கேட்பார்கள். சில இனங்களில் ராணிகள் தாங்களே கூடிக் கூட்டாகத் தொடங்குவதுண்டு. முதல் ஈடு பெரிதாக இருக்கும், சீக்கிரமும் வரும். லாசியஸ் நைகரில் அந்தக் கூட்டணி வேலைக்காரிகள் பிறக்கும்வரைதான்; பிறந்ததும் ராணிகள் அடித்துக்கொண்டு ஒருத்தி மட்டும் மிஞ்சுவாள். முசுறு விஷயத்தில் இதைப் பயிர்ப் பாதுகாப்புக்கே பயன்படுத்தப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் ரென்காங் பெங், டென்மார்க்கின் யோவாகிம் ஆஃபன்பெர்க் ஆகியோர் இளம் முசுறு ராணிகளைக் கூட்டாக வைத்து, வேறு காலனியின் கூட்டுப்புழுக்களையும் தத்துக் கொடுத்தார்கள். கூட்டுப்புழுவுக்கு இன்னும் ஊர் வாசனை ஏறவில்லை. பிறக்கிற இடத்தையே தன் வீடாக ஏற்கும். காலனி வேகமாகப் பெருகியது. பழத்தோட்டப் பூச்சிகளை அடக்க முசுறை விடுவது புதிதல்ல. தென்சீனத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் முசுறுக் கூடுகளைச் சந்தையில் வாங்கி மரத்தில் கட்டியதைக் கி.பி. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீன நூல் குறிப்பிடுகிறது.

முதல் பிள்ளை பிறந்தபின்

நம் வெப்பத்தில் கட்டெறும்பு முட்டை, புழு, கூடு கட்டிய கூட்டுப்புழு என்று மாறி வேலைக்காரியாக ஐந்தாறு வாரம் ஆகும். மழைக்கு முன்னால் எறும்புகள் தூக்கிக்கொண்டு ஓடும் அரிசிமணி போன்ற ‘முட்டை’ பெரும்பாலும் இந்தக் கூட்டுப்புழுதான். உண்மையான முட்டை கண்ணுக்குத் தூசிபோல இருக்கும். முதல் வேலைக்காரி நடமாடத் தொடங்கியதும் அலுமினியத் தாள் துண்டில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர், ஒரு நசுங்கிய கொசு. சர்க்கரை வேலைக்காரிகளின் ஓட்டத்துக்கு, பூச்சி புழுக்களின் வளர்ச்சிக்கு. இரண்டும் வேண்டும்.

பூச்சி கொடுப்பதில் நம் வீடுகளில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. மருந்தடித்துச் செத்த கரப்பான்பூச்சியின் ஒரு கால் போதும், காலனி மொத்தமும் போகும். கொசுவர்த்தி, சுவர் பிளக்கில் செருகும் கொசுத் திரவம், எறும்பு வராமல் கோடு கிழிக்கும் சாக்பீஸ் எல்லாவற்றிலும் பைரெத்ராய்டு வகை நஞ்சு உண்டு. கொசுவுக்கும் எறும்புக்கும் அந்த நஞ்சு வேறுபாடு பார்க்காது. கொசுத் திரவம் இரவு முழுக்க எரியும் படுக்கையறையில் ராணி வளர்ப்பதைவிட வளர்க்காமல் இருக்கலாம்.

பெரிய கண்ணாடிக் கூட்டுக்கு மாற்றும் அவசரம் எல்லாருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஏழெட்டு எறும்புக்கு விசாலமான கூடு கொடுத்தால் மிச்ச இடத்தைக் குப்பைமேடாக்கும், அதில் பூஞ்சை பிடிக்கும். இருபது முப்பது வேலைக்காரிகள் சேர்ந்தபின் குழாயின் பஞ்சை நீக்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடத்தினால் போதும். அந்த டப்பாதான் அவர்களின் மைதானம். விளிம்பில் டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் கால் வழுக்கும், ஏற முடியாது. காலனி பெருத்தபின் வீடு கட்டுபவர்கள் மிச்சம் போடும் எடைகுறைந்த ஏஏசி செங்கல்லில் ஸ்க்ரூடிரைவரால் அறைகள் குடைந்து, மேலே கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் அக்ரிலிக் மாளிகைகள் நம் கண்ணுக்குத்தான் அழகு. எறும்புக்கு இருட்டும் ஈரமும் இடுக்கும் போதும்.

கடையில் வாங்காதீர்கள்

இப்போது நக்குருவுக்கு வருவோம். அந்த 5,000 ராணிகளும் நாம் பேசிய அதே குழாய் முறையில்தான் அடைக்கப்பட்டிருந்தன. பஞ்சும் ஈரமும் இருந்தால் இரண்டு மாதம்வரை உயிரோடு இருக்கும். தன் இருப்பை உண்டு பிள்ளை வளர்க்க ராணிக்கு வாய்த்த அதே திறமை, அவளைத் தபாலில் அனுப்பக்கூடிய சரக்காக்கிவிட்டது. கென்ய வனவிலங்குத் துறை இதை உயிரியல் வளத் திருட்டு என்று சொன்னது. உயிர்வளப் பலன்களை நாடுகள் பகிர்வது பற்றிய நகோயா உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டியது. இந்தியாவில் அந்தப் பொறுப்பைப் பார்க்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ அனுமதியின்றி எந்த உயிரையும் எடுப்பது குற்றம், எறும்புக்கும் விலக்கில்லை.

எடுத்த இடத்தில் நட்டம் ஒரு பக்கம். போய்ச் சேருகிற இடத்தில் என்ன ஆகும்? திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலைக் காட்டையொட்டிய கிராமத்துக்காரர்களைக் கேளுங்கள். 2022-இல் மஞ்சள் பைத்திய எறும்பு என்று அழைக்கப்படும் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ் அங்கே வெள்ளம்போலப் பெருகி, கால்நடைகளின் கண்ணில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சியதாகவும், மலையடிவாரத்தில் ஆடு மாடு மேய்க்க முடியவில்லை என்றும் மக்கள் புகார் சொன்னார்கள். அதே இனம் கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. அது வளர்ப்போர் கொண்டுவந்த எறும்பு அல்ல. சரக்குக் கப்பல்களோடு உலகம் சுற்றிய இனம். ஆனால் வேற்று மண்ணில் காலூன்றிய எறும்பை எந்த அரசாலும் எளிதில் திரும்ப வாங்க முடிவதில்லை. கருவுற்ற ஒரு ராணி தப்பினாலே ஒரு காலனிக்கு விதை விழுந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே இணையத்தில் வெளிநாட்டு ராணிக்கு விலை சொல்கிறவரிடம் வாங்காதீர்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். தொலைவான மாநிலத்திலிருந்து தபாலில் வரும் உள்நாட்டு ராணியையும் தவிர்த்துவிடுங்கள். அடுத்த மழை ஓய்ந்த மாலையில் உங்கள் வாசல் விளக்கின் கீழே தேடுங்கள். ஒரே ஒரு ராணி போதும். ஆறு வாரம் பார்த்தும் முட்டை இல்லையென்றால், அல்லது உங்களுக்கே அலுத்துவிட்டதென்றால், அவளை எடுத்த தெருவிலேயே, நனைந்த மண்ணில், மாலை வேளையில் விட்டுவிடுங்கள். வேறு ஊரில் விடாதீர்கள்.